எழுதுகிறேன், யாரும் படிக்கவில்லையே! வலைப்பதிவுக்கு வாசகர் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக எழுத வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, தேவையானதற்கு நேராகப் போய்விடலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பத்தாயிரம் பேரை நான் வாசகர் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த பதிவுக்கும் வந்து நிற்கும் நூறு பேரைத்தான் சேர்ப்பேன். பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை. 'ஒரே மாதத்தில் லட்சம் ஹிட்ஸ்' தேடி வந்தவர்களுக்கு இது ஒத்துவராது.

இந்தக் காலத்தில் வலைப்பதிவை யாராவது படிக்கிறார்களா? எல்லாரும் வீடியோவுக்குப் போய்விட்டார்களே?

படிக்கிறார்கள், ஆனால் வந்து சேரும் வழி மாறிவிட்டது. 1999-ல் ப்ளாகர், லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளங்கள் வந்த காலத்தில், ஏன் 2003-ல் வேர்ட்பிரஸ் வந்த பிறகும்கூட, எழுதுபவர்களும் படிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் ஆர்எஸ்எஸ் ரீடரில் பிடித்த வலைப்பூக்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காலையில் ஒரு சுற்று பார்ப்பார்கள். 2013 ஜூலையில் கூகுள் ரீடரை மூடினார்கள், அந்தப் பழக்கமும் பெரும்பாலும் அதோடு போனது. இப்போது வாசகர் தேடலில் வருகிறார், யாரோ அனுப்பிய லிங்க்கில் வருகிறார், இல்லையென்றால் மெயிலில் வருகிறார். 'இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறார் பார்ப்போம்' என்று தானாக முகப்புப் பக்கத்தைத் திறப்பவர்கள் ரொம்பக் குறைவு.

இதனால் ஒவ்வொரு பதிவும் தனியாக நின்றாக வேண்டும். 'போன பதிவில் சொன்னது போல' என்று ஆரம்பித்தால் நடுவில் வந்தவருக்கு ஒன்றும் விளங்காது. வீடியோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு கட்டளையை நகலெடுக்க வேண்டும், ஒரு அளவைச் சரிபார்க்க வேண்டும், சத்தமில்லாமல் படிக்க வேண்டும் என்றால் எழுத்துதான் கைகொடுக்கும். அந்த மாதிரி விஷயம் உங்களிடம் இருந்தால் தைரியமாக எழுதுங்கள். கண்ணால் பார்த்தால்தான் புரியும் விஷயம் என்றால் வீடியோவே எடுங்கள், வீம்புக்கு எழுத வேண்டியதில்லை.

எந்தத் தளத்தில் ஆரம்பிப்பது?

கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடங்கள் சில, இடம் மட்டும் உங்களுடையதாக இருந்து கூட்டத்தை நீங்களே கூட்டி வர வேண்டிய இடங்கள் சில. மீடியம், டம்ப்ளர் போன்றவை முதல் வகை. அங்கே எழுதினால் உங்களைத் தெரியாத ஒருவர் கண்ணிலும் தளமே கொண்டுபோய்க் காட்டக்கூடும், ஆனால் யாருக்குக் காட்டுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர்கள் கையில். சொந்த ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில்) போட்ட வேர்ட்பிரஸும் கோஸ்ட்டும் இரண்டாவது வகை, முதல் நாள் அங்கே ஈ காக்கை இருக்காது. 2017-ல் வந்த சப்ஸ்டாக் நடுவில் நிற்கிறது: மெயில் பட்டியல் உங்களுடையது, கூடவே ஒரு பதிவர் இன்னொருவரைப் பரிந்துரைக்கும் வசதியும் உண்டு. ப்ளாகர் இலவசம், பழசு, அதிகம் படுத்தாது. புதிதாகப் பெரிய வசதி எதையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

தளத்தைப் பற்றி யோசிக்கும்போது டெம்ப்ளேட் அழகைப் பார்த்து மயங்காமல், வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜியோசிட்டீஸை 2009-ல் மூடினார்கள், போஸ்டரஸை ட்விட்டர் வாங்கி அடுத்த ஆண்டே 2013-ல் மூடியது, கூகுள் பிளஸ் 2019-ல் போனது. ஒவ்வொரு முறையும் அங்கேயே குடியிருந்தவர்கள்தான் அலைந்தார்கள். எனவே கணக்கு தொடங்கி இரண்டு சோதனைப் பதிவு போட்டதும் 'எக்ஸ்போர்ட்' பட்டனைத் தேடி அழுத்திப் பாருங்கள். பதிவுகள் முழுதாக இறங்குகின்றனவா, படங்கள் வருகின்றனவா, சந்தாதாரர்களின் மெயில் முகவரிகள் கிடைக்கின்றனவா? முதல் இரண்டும் பெரும்பாலான இடங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் கிடைத்துவிடும். மூன்றாவதுதான் சிக்கல். 'ஃபாலோயர்' என்று ஒரு தளம் காட்டும் எண்ணிக்கையை வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது.

இதற்காக மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஏற்றுமதி வசதியும் சொந்த டொமைனை (உங்கள் பெயரிலேயே வாங்கும் இணைய முகவரியை) இணைக்கும் வசதியும் இருந்தால் எதில் ஆரம்பித்தாலும் சரி.

சொந்த டொமைன் அவசியமா?

முதல் சில பதிவுகளுக்கு அவசியமில்லை. தொடர்ந்து எழுதுவேன் என்று உங்களுக்கே நம்பிக்கை வந்ததும் வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தளம் மாறினாலும் முகவரி மாறாது, மற்றவர்கள் கொடுத்து வைத்த லிங்க்குகள் பிழைக்கும். ஒரே நிபந்தனை: புது இடத்திலும் ஒவ்வொரு பதிவின் பாதையும் பழையபடியே இருக்க வேண்டும், அல்லது பழைய பாதையிலிருந்து புதியதற்கு 301 வகைத் திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாக அனுப்பும் நிரந்தர ஏற்பாடு) போட வேண்டும். இதைச் செய்யாமல் மாறினால் டொமைன் இருந்தும் பயனில்லை, வருபவர்களுக்கெல்லாம் 'பக்கம் இல்லை' என்ற 404 தான் கிடைக்கும்.

ஒரே துறையில்தான் எழுத வேண்டுமா? எனக்குப் பல விஷயங்களில் ஆர்வம் உண்டு.

பல விஷயங்களும் எழுதலாம், ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். ஒருவர் சைக்கிள் ரிப்பேர் பற்றித் தேடி வருகிறார், படிக்கிறார், பிடித்துப்போய் 'இன்னும் என்ன இருக்கிறது' என்று பார்க்கிறார். அடுத்தது கவிதை, அதற்கடுத்தது வரி சேமிப்பு, அப்புறம் ஒரு பயணக் குறிப்பு என்று இருந்தால் அவர் சந்தா செய்யக் காரணம் ஒன்றும் இல்லை. எல்லாமே சைக்கிள் என்றால் காரணம் இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்தே ஆளை இழுக்கும் என்றால், நீங்கள் எதை எழுதினாலும் உங்கள் பார்வைக்காகப் படிப்பவர்கள் சேர்வார்கள். அப்படிப்பட்ட பதிவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிலைக்கு வந்த பலரும் முதலில் ஏதோ ஒரு விஷயத்துக்காகத் தெரியவந்து, பின்னால்தான் கையை அகல விரித்தவர்கள். நடைமுறையில் சொன்னால், தொடக்கத்தில் ஒரு விஷயத்தை எடுத்து அதில் ஒரு இருபது பதிவாவது ஒன்றுக்கொன்று தொடர்புடையதாகப் போடுங்கள். இருபது தலைப்பை ஒரு தாளில் எழுத முயன்று எட்டிலேயே நின்றுவிட்டால், விஷயம் ரொம்பக் குறுகலாக இருக்கிறது, இல்லை உங்களுக்கே அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்று அர்த்தம். பதிவு தொடங்குவதற்கு முன் செய்யக்கூடிய மிக மலிவான சோதனை இது.

வாரத்துக்கு எத்தனை பதிவு போட வேண்டும்?

உங்களால் ஆறு மாதம் விடாமல் போட முடிகிற வேகம் எதுவோ அது. தினமும் என்று ஆரம்பித்து மூன்றாவது வாரம் மூச்சு வாங்கி நிற்பதை விட இரண்டு வாரத்துக்கு ஒன்று மேல். கையில் மூன்று நான்கு பதிவுகளை முடித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் காய்ச்சல், ஊர்ப் பயணம், அலுவலக நெருக்கடி எல்லாவற்றையும் தாங்கும்.

தலைப்பு எப்படி வைப்பது? கவர்ச்சியாக வைத்தால் 'க்ளிக்பெயிட்' என்கிறார்கள், சாதாரணமாக வைத்தால் யாரும் திறப்பதில்லை.

பதிவில் உள்ளதைத் தேடுகிறவர் தன் வாயால் எப்படிக் கேட்பார் என்று யோசித்து அதைத் தலைப்பாக்குங்கள். மேலே சொன்ன சைக்கிள் பதிவரையே எடுத்துக்கொள்வோம். அவர் 'எனது சைக்கிள் அனுபவங்கள், பாகம் 3' என்று வைக்கிறார். உள்ளே அருமையான விஷயம் இருக்கிறது: கியர் மாற்றும்போது செயின் ஏன் கழன்று விழுகிறது, டிரெய்லியரில் (செயினை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகத்தில்) உள்ள லிமிட் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும், அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது. தலைப்பில் இது எதுவுமே இல்லை. தேடுகிறவருக்கும் தெரியாது, லிங்க்கைப் பார்க்கும் நண்பருக்கும் தெரியாது, ஒரு வருடம் கழித்து எழுதியவருக்கே எந்தப் பாகத்தில் எதை எழுதினோம் என்று தெரியாது.

'அதிர்ச்சி! உங்கள் சைக்கிள் செயின் மறைக்கும் ரகசியம்' என்று வைத்தால் திறப்பார்கள், ஒருமுறை. 'கியர் மாற்றும்போது செயின் கழன்று விழுகிறதா? முதலில் பார்க்க வேண்டிய 3 இடங்கள்' என்று வைத்துவிட்டு உள்ளே அந்த மூன்று இடங்களையும் ஒழுங்காகக் காட்டினால், அடுத்த முறை பிரேக்கில் சத்தம் வரும்போது அந்த ஆள் உங்களைத்தான் தேடுவார். தலைப்பு கொடுத்த வாக்கை உள்ளடக்கம் காப்பாற்றினால் அது க்ளிக்பெயிட் இல்லை, எவ்வளவு இழுத்தாலும் பரவாயில்லை.

ஒரு சின்ன விஷயம்: தேடல் முடிவுகளில் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும், முக்கியமான சொல் முன்னால் வரட்டும்.

பதிவு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

விஷயம் முடியும் வரை. 'கூகுளுக்கு 2000 வார்த்தை பிடிக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வார்த்தை எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது என்று கூகுளே பலமுறை சொல்லியிருக்கிறது.

எஸ்இஓ (தேடலில் முன்னால் வரச் செய்யும் உத்திகள்) தெரியாமல் வாசகர் சேர்க்க முடியாதா?

எஸ்இஓ என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. 'மெட்டா கீவேர்ட்ஸ்' பெட்டியில் ஐம்பது சொற்களைத் திணிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைத் தர வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. காசு கொடுத்து லிங்க் வாங்குவது அதைவிட மோசம், விதிமீறல் என்று பிடிபட்டால் இருப்பதும் போகும்.

தேவையானது கொஞ்சம்தான். பக்கம் கூகுளுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் தேடுபொறிகளை வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது அதைப் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோய், 'ஆறு மாதமாக ஒரு ஆள்கூடத் தேடலில் வரவில்லை' என்று புலம்புகிறவர்கள் நிறைய. அப்புறம் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும். கூகுள் வைத்திருக்கும் அளவுகோலில் பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் 'நல்லது'. பெரும்பாலான வலைப்பூக்களில் இதைக் கெடுப்பது போனில் எடுத்து அப்படியே ஏற்றிய பெரிய படம்தான். சுருக்கி ஏற்றுங்கள், தீர்ந்தது.

இதற்கு மேல் ஒரே ஒரு கருவி கற்றுக்கொள்ளுங்கள்: கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். அங்கே இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகம், க்ளிக் குறைவு என்று இருக்கும் வரிகளைத் தேடுங்கள். சைக்கிள் பதிவருக்கு 'மிதிக்கும்போது டக் டக் சத்தம்' என்ற தேடலில் பன்னிரண்டாவது இடம் கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். அவர் அதைப் பற்றித் தனியாக எழுதவேயில்லை, செயின் பதிவில் ஒரு பத்தியில் போகிறபோக்கில் சொன்னதுதான். அப்படியானால் அடுத்த பதிவு எது என்று வாசகர்களே சொல்லிவிட்டார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு முழுப் பதிவு எழுதி, பழைய பத்தியிலிருந்து அதற்கு லிங்க் கொடுக்க வேண்டியதுதான். எதை எழுதுவது என்று தெரியாமல் விழிக்கும் நாளில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

தமிழில் தலைப்பு வைத்தால் லிங்க் அசிங்கமாக நீள்கிறதே?

முகவரியில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லுக்குள் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி) இருக்கின்றன, ஆக அந்த ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும். ஒரு முழுத் தலைப்பு என்றால் சாட்டில் அரைத் திரையை அடைத்துக்கொள்ளும், பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடமாட்டார். ப்ளாகர் வேறு மாதிரி: தலைப்பு தமிழில் மட்டும் இருந்தால் அதை விட்டுவிட்டு 'ப்ளாக் போஸ்ட்' என்று பொதுவான ஒரு முகவரியைப் போட்டு, பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். வெளியிடும் முன் பெர்மாலிங்க் (பதிவின் நிரந்தர முகவரி) பகுதியில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே போன லிங்க்குகள் உடையும்.

சமூக ஊடகத்தில் லிங்க் போடுகிறேன், ரீச்சே இல்லை. என்ன செய்வது?

தன் பயனரை வெளியே அனுப்புவதில் எந்தச் சமூக ஊடகத்துக்கும் ஆசை கிடையாது. அதனால் வெறும் லிங்க்கையும் 'புதிய பதிவு, படித்துவிட்டுக் கருத்துச் சொல்லவும்' என்ற வரியையும் போட்டால் அது அங்கேயே செத்துவிடும். பதிவிலிருந்து முழுமையான ஒரு விஷயத்தை எடுத்து, லிங்க்கைத் தொடாதவருக்கும் ஏதாவது கிடைக்கும்படி அங்கேயே எழுதுங்கள், கடைசியில் லிங்க் கொடுங்கள். பாதிப் பேர் லிங்க்கைத் தொட மாட்டார்கள். பரவாயில்லை, உங்கள் பெயரும் எதைப் பற்றி எழுதுகிறவர் என்பதும் மனதில் பதியும். லிங்க் போட்டால் வரும் முன்னோட்டப் படத்தையும் கவனியுங்கள், 1200-க்கு 630 பிக்சலில் ஒரு படம் கொடுத்தால் பெரும்பாலான இடங்களில் சரியாக உட்காரும்.

எல்லா இடத்திலும் கடை விரிக்காதீர்கள். உங்கள் விஷயத்தைப் பேசுகிறவர்கள் எங்கே கூடுகிறார்களோ அந்த ஒரு இடத்தில் இருங்கள். அங்கேயும் பத்து முறை மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஒரு முறை உங்கள் லிங்க்கைப் போடுங்கள். வந்ததும் லிங்க், போகும்போது லிங்க் என்று இருப்பவரை எந்தக் குழுவும் வைத்துக்கொள்ளாது.

மெயில் பட்டியல் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ப்ளாகரில் எழுதியவர்கள் பலர் 'மெயிலில் பெற' என்று ஒரு பெட்டியைப் பக்கவாட்டில் வைத்திருந்தார்கள், திரைக்குப் பின்னால் கூகுளின் ஃபீட்பர்னர் சேவை அந்த வேலையைச் செய்தது. 2021 ஜூலையில் அந்த மெயில் சேவையை கூகுள் நிறுத்தியது. முகவரிகளை முன்கூட்டியே இறக்கி வைத்தவர்கள் வேறு சேவைக்குக் கொண்டுபோய் அடுத்த வாரமே பழையபடி அனுப்பினார்கள். மற்றவர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மெயில் முகவரிப் பட்டியல் ஒரு சாதாரண சிஎஸ்வி (எக்செல்லில் திறக்கும் பட்டியல்) கோப்புதான், ஆனால் எந்தத் தளம் மூடினாலும், எந்த அல்காரிதம் மாறினாலும் அது உங்கள் கையில் இருக்கும். மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சேர்ப்பது? பக்கம் திறந்ததும் முகத்தில் அறையும் பாப்அப் வேண்டாம், ஒரு வரிகூடப் படிக்காதவரிடம் முகவரி கேட்பது முறையும் இல்லை. பதிவு முடியும் இடத்தில் கேளுங்கள், அங்கே வரை வந்தவர்தான் உங்களுக்கு வேண்டியவர். 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' என்பதை விட, 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சைக்கிள் கோளாறும் அதைச் சரிசெய்யும் விதமும் மெயிலில் வரும்' என்று என்ன, எப்போது என்பதைச் சொன்னால் ஆட்கள் சேர்வார்கள். தெரிந்தவர்களின் முகவரிகளையெல்லாம் கேட்காமல் அள்ளிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. எரிச்சலில் நாலு பேர் ஸ்பேம் என்று அழுத்தினால் விரும்பிச் சேர்ந்தவர்களுக்கும் உங்கள் மெயில் போய்ச் சேராது.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடியை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயிலைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் முறைகள்) மூன்றையும் அமைத்திருக்க வேண்டும், ஒரே க்ளிக்கில் விலகும் வசதி கொடுக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நீங்கள் அந்த அளவுக்கு வர நாளாகும், நல்ல மெயில் சேவை இதில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விலகும் லிங்க்கைச் சின்ன எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள். போக நினைப்பவர் போகட்டும். இன்னொன்று, ஏறக்குறைய 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் மெயிலை நடுவில் வெட்டிவிடும். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குப்பைக் குறியீடுகள் கூடவே வந்து இந்த அளவை ஏற்றிவிடும்.

எந்த எண்களைப் பார்ப்பது?

திரும்பி வருபவர்கள், மெயிலுக்குப் பதில் எழுதுபவர்கள், பதிவின் கடைசி வரை வந்தவர்கள். மொத்த ஹிட்ஸ் மனதுக்கு இனிப்பு, ஆனால் அதில் பாட்களும் (ஆளில்லாமல் தானாகச் சுற்றும் நிரல்களும்) சேர்ந்திருக்கும். சம்பந்தமே இல்லாத தளத்திலிருந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் வருகை என்றால் குதிக்காதீர்கள், அது பெரும்பாலும் ரெஃபரல் ஸ்பேம், தங்கள் தளத்தை நீங்கள் திறந்து பார்ப்பதற்காக அனுப்பும் போலி வருகை.

மெயிலை எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்று காட்டும் 'ஓபன் ரேட்' கூட இப்போது முழுதாக நம்பத்தக்கதல்ல. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பிரைவசி வசதி, பயனர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, உங்கள் கணக்கில் அது 'திறந்தார்' என்று விழும். லிங்க்கைத் தொட்டார்களா, பதில் வந்ததா என்று பாருங்கள்.

எண்களைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு போட்ட அரை மணிக்குள் பத்து முறை ரெஃப்ரெஷ் செய்வதால் எண்ணிக்கை ஏறாது, சில இடங்களில் நீங்களே பத்து ஹிட்ஸாகப் பதிவாவீர்கள்.

பின்னூட்டமே வருவதில்லை. யாரும் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இணையத்தில் 90 பேர் சும்மா படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து பங்கெடுப்பார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2006-ல் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு. விகிதம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பேசாத பெருங்கூட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதோடு இப்போது விவாதமெல்லாம் பதிவுக்குக் கீழே நடப்பதில்லை, லிங்க்கைப் பகிர்ந்த குழுவுக்குள் நடக்கிறது.

பேச வைக்க வேண்டும் என்றால் பொதுவாக 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்காமல், பதில் சொல்லச் சுலபமான ஒன்றைக் கேளுங்கள். 'உங்கள் சைக்கிளில் செயின் எந்தப் பக்கம் விழுகிறது, உள்ளேயா வெளியேயா?' என்று கேட்டால் பதில் வரும். வந்த பின்னூட்டத்துக்கு முதல் ஒரு வருடமாவது ஒன்றுவிடாமல் பதில் எழுதுங்கள். வெறும் 'நன்றி' பதில் ஆகாது. வம்புக்கு வருபவரிடம் மட்டும் ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் நீக்குங்கள், உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார வேண்டும் என்பது உங்கள் உரிமை.

ஒரே பதிவை இரண்டு மூன்று தளங்களில் போடலாமா?

போடலாம். முதலில் உங்கள் தளத்தில் போட்டு, சில நாள் விட்டு மற்ற இடங்களில். அங்கே 'கனானிகல்' குறியீடு வைக்க முடிந்தால் வையுங்கள். மூலப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு அது, 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. மீடியத்தில் 'இம்போர்ட்' வழியாகக் கொண்டுவந்தால் தானாகவே போட்டுவிடும், நகலெடுத்து ஒட்டினால் போடாது. கனானிகல் வசதியே இல்லாத இடத்தில் முழுப் பதிவையும் கொடுக்காமல் சுருக்கம் மட்டும் கொடுங்கள்.

ஏஐ வைத்து எழுதி வேகமாகப் பதிவுகளைக் குவிக்கலாமா?

குவிக்கலாம், படிக்கத்தான் ஆள் இருக்காது. யாரும் எங்கும் எழுதக்கூடிய பொதுப்படையான பதிலை இப்போது தேடல் பக்கமே மேலே தொகுத்துக் கொடுத்துவிடுகிறது, அதற்காக யாரும் உங்கள் பக்கத்துக்கு வரப்போவதில்லை. கூகுளும் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'நேரடி அனுபவம்' என்பதைத் தனியாகச் சேர்த்தது. நீங்கள் கழற்றிப் பார்த்த செயின், எடுத்த புகைப்படம், அளந்த அளவு, உங்கள் அபிப்பிராயம் இவையெல்லாம்தான் உங்கள் சரக்கு. எழுத்துப்பிழை பார்க்க, தலைப்புக்கு நாலு மாற்று கேட்க ஏஐயைப் பயன்படுத்துங்கள், அதில் தப்பில்லை.

மற்ற பதிவர்களோடு எப்படிச் சேர்வது?

'நீங்கள் என் லிங்க் போடுங்கள், நான் உங்கள் லிங்க் போடுகிறேன்' என்று மெயில் அனுப்பாதீர்கள். அவர்கள் எழுதியதைப் படித்து, உங்கள் பதிவில் பொருத்தமான இடத்தில் மேற்கோள் காட்டி லிங்க் கொடுத்து, 'இதைப் பற்றி எழுதியிருக்கிறேன்' என்று ஒரு வரி சொல்லுங்கள். உங்கள் அளவிலேயே இருக்கும் பதிவர்களோடுதான் இது நன்றாக எடுபடும். வேறொருவர் தளத்தில் விருந்தினராக எழுதக் கிடைத்தால் உங்களிடம் உள்ளதில் சிறந்ததைக் கொடுங்கள், மிச்சம் மீதியை அல்ல. உங்களை முதல்முறை பார்ப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பணம் எப்போது வரும்?

வாசகர் வட்டம் வருவதற்கு முன்னால் வராது. விளம்பரத்துக்கு எண்ணிக்கை நிறைய வேண்டும், கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணமே அனுப்புவார்கள், சின்ன வலைப்பூவுக்கு அதைத் தொடவே மாதக்கணக்காகும். சந்தா முறைக்குக் குறைந்த ஆட்கள் போதும், ஆனால் அவர்கள் உங்களை உண்மையிலேயே நம்ப வேண்டும். சப்ஸ்டாக் கட்டணச் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. கோஸ்ட் பங்கு எடுப்பதில்லை, தளத்துக்கான மாதக் கட்டணம் உங்கள் தலையில். அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக யாராவது பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் லிங்க்) போட்டால் அதைப் பதிவின் மேலேயே சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தார் என்று பெயர் வந்தால் அப்புறம் நீங்கள் நல்லதைச் சொன்னாலும் எடுபடாது.

எவ்வளவு காலம் எழுதிப் பார்ப்பது? ஒரு கட்டத்தில் விட்டுவிடலாமா?

புதுத் தளத்தைத் தேடுபொறி நம்பத் தொடங்கவே பல மாதங்கள் ஆகும், அதனால் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்காதீர்கள். ஒரு வருடம் ஒழுங்காக எழுதிய பிறகும் திரும்பி வருபவர் யாருமே இல்லை என்றால் எழுத்தை விட வேண்டியதில்லை, விஷயத்தை மாற்றிப் பாருங்கள். அதற்குள் புதிதாக எழுதுவதை மட்டும் பார்க்காமல் பழைய பதிவுகளில் நன்றாக ஓடும் ஐந்தை எடுத்து, காலாவதியான தகவலைத் திருத்தி, புதுப் பதிவுகளுக்கு அங்கிருந்து லிங்க் கொடுங்கள். வேலை கொஞ்சம், பலன் அதிகம்.

நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மெயில் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரு கடைசி மெயில் போதும். பதிவுகளை அழிக்காதீர்கள், யாருக்கோ இன்னும் பயன்படும். டொமைனைப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லையென்றால் பதிவுகளை ஒரு இலவச முகவரிக்கு நகர்த்தி, டொமைன் உயிரோடு இருக்கும்போதே அங்கே திருப்பம் போட்டு, எல்லாரும் புது முகவரிக்குப் பழக ஒரு வருடம் கொடுங்கள். காலாவதியான டொமைன்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் ஓட்டுவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், உங்கள் பெயரில் உள்ள முகவரி அவர்கள் கைக்குப் போனால் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.